பெயரில்லாமல் வரும் எச்சரிக்கைகளை எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருக் குரூப்பில் நூற்று நாற்பது வீட்டார் இருக்கிறார்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், கரண்ட் ஏன் போனது, யார் வீட்டுச் சாவி கீழே கிடந்தது என்பதுதான் அன்றாடப் பேச்சு. ஆறு வருஷமாக நான் அட்மின். வாரத்துக்கு இரண்டு பேராவது தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இப்படி ஒண்ணு வந்திருக்கு, நிஜமா? குரூப்ல போடட்டுமா?" என்று கேட்பார்கள். எழுதியவர் பெயர் இருக்காது. ஆனால் விஷயம் குழந்தையைப் பற்றியோ, பணத்தைப் பற்றியோ, உயிரைப் பற்றியோ இருக்கும். விட்டுத்தள்ளவும் மனசு வராது, நம்பவும் தைரியம் வராது. அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

யார் எழுதியது என்றே தெரியவில்லை. படித்ததும் அழித்துவிடலாமா?

வேண்டாம். மொட்டைக் கடுதாசி என்றாலே ஆகாதவன் வேலை என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. பல கடுதாசிகள் அப்படிப்பட்டவைதான். ஆனாலும் எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் காசு தப்பியது ஒரு மொட்டைக் கடுதாசியால்தான்.

நாலு வருஷத்துக்கு முன்பு, ஆடி மாசம். காலையில் கோலம் போட வெளியே வந்தால் கேட் கம்பியில் ஒரு ஜெராக்ஸ் தாள் நாலாக மடித்துச் செருகியிருந்தது. எதிர்வீட்டிலும் இருந்தது, அடுத்த வீட்டிலும் இருந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் தீபாவளிச் சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாசம் ஆயிரம் கட்டினால் தீபாவளிக்கு வெள்ளிக் காசு, பித்தளைப் பாத்திரம், பட்டாசுப் பெட்டி, இனிப்பு. தாளில் மொத்தம் ஐந்தே வரி. சீட்டு நடத்துகிறவரைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. "உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். பதிவு எண் இருக்கிறதா? பின் தெருவில் ரேஷன் கடைக்கு எதிரே மூன்று வீட்டாருக்குப் போன தீபாவளிச் சாமானே இன்னும் வரவில்லை. போய்க் கேளுங்கள்." ஏறக்குறைய இவ்வளவுதான்.

ரசீதை எடுத்துப் பார்த்தோம். பதிவு எண் இல்லை. சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. பின் தெருவுக்குப் போனோம். மூன்று வீட்டிலும் அதே கதை. அந்த மாசத்தோடு கட்டுவதை நிறுத்தினோம். கட்டியதில் ஒரு பகுதியை நச்சரித்து வாங்கினோம், மீதி போனது போனதுதான். ஆனால் இன்னும் மூன்று மாசத் தவணை மிச்சமானது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. சீட்டு நடத்தியவரிடம் கணக்கெழுதிய யாரோதான் என்று எனக்குப் படுகிறது. அவருக்கு எங்கள் தெருவே கடன்பட்டிருக்கிறது.

அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது?

அந்தத் தாளையே திரும்பப் படித்துப் பாருங்கள். நாமே போய்ச் சரிபார்க்க இரண்டு விஷயத்தை அது கையில் கொடுத்தது. எழுதியவரை நம்பச் சொல்லிக் கேட்கவில்லை. "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்றும் சொல்லவில்லை.

நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இந்த எச்சரிக்கை என்னைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறதா, பரப்பச் சொல்கிறதா? போய்ப் பார்க்க ஓர் இடம், கேட்க ஓர் ஆள், புரட்டிப் பார்க்க ஒரு காகிதம் இருந்தால் எழுதியவர் பெயர் இல்லாததை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது எதுவும் இல்லாமல் "உடனே பகிரவும், உங்கள் ஒரு பகிர்வு ஓர் உயிரைக் காக்கும்" என்று மட்டும் இருந்தால், அனுப்பியவர் எவ்வளவு வேண்டியவரானாலும் என் விரல் நின்றுவிடும்.

அடுத்தது தேதி. புரளிக்குத் தேதி இருக்காது. "நேற்று இரவு", "இன்று காலை" என்றுதான் இருக்கும். அதனால் அது எந்த நாளில் வந்து சேர்ந்தாலும் புதுசாகவே தெரியும். இடமும் அப்படித்தான். "நம்ம ஏரியா", "பக்கத்து ஊரு" என்று வரும். படிக்கிறவர் எந்த ஊரோ அதற்குப் பக்கத்து ஊர்! நிஜமாக ஒன்றைப் பார்த்துப் பயந்தவர் அப்படி எழுத மாட்டார். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேல்நிலைத் தொட்டிக்குப் பின்னால" என்றுதான் அவருக்கு வரும், ஏனென்றால் அந்த இடம் அவர் கண்ணை விட்டுப் போயிருக்காது.

எனக்கு அனுப்பியவர் நன்றாகத் தெரிந்தவர், பொய் சொல்லவே மாட்டார். அவரை நம்பலாம் அல்லவா?

அவரை நம்புங்கள். ஆனால் அவர் கொண்டுவந்த சேதி அவருடையது இல்லையே. நான் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் வாத்தியார் சார். ஒரு மழைக்காலத்தில் அவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். தோளில் போர்வை மூட்டையோடு ஓர் இளைஞர், கை ஒரு வீட்டு கேட் தாழ்ப்பாள்மேல் இருக்கிறது. கீழே, "போர்வை விற்கிற மாதிரி வந்து வீடு நோட்டம் விடுகிறார்கள். உஷார்." சாரே அனுப்பிவிட்டாரே என்று யோசிக்காமல் குரூப்பில் போட்டேன். சாயங்காலம் தெருமுனையில் பையன்கள் அந்தப் போர்வைக்காரரை மறித்துவிட்டார்கள். போனைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்து உதறியதில் போர்வைகள் மழைத் தண்ணீரில் விழுந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அன்றிரவு பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். "சார், உங்களுக்கு யார் அனுப்பினது?" மருமகள். "உனக்கு யாரும்மா?" கூட வேலை பார்க்கிறவள். அவளுக்கு அவள் அபார்ட்மென்ட் குரூப்பில் வந்தது. அங்கே போட்டவர் மூன்றாம் குறுக்குத் தெருப் பாட்டியின் மகளுக்குச் சிநேகிதி. பாட்டியிடமே நேரில் போனேன். "நான்தாம்மா எடுத்தேன். அந்தப் பிள்ளைகிட்ட நல்ல போர்வை வாங்கினேன், உனக்கும் வேணுமான்னு என் பொண்ணுக்கு அனுப்பினேன்" என்றார். படம் எடுத்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. கேட்டைத் திறக்கச் சொன்னதே பாட்டிதான். அந்த "உஷார்" வரி நடுவில் எங்கே ஒட்டிக்கொண்டது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தச் சங்கிலியில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

அதனால் இப்போது எது வந்தாலும் என் கேள்வி, "இதைக் கண்ணால் பார்த்தது யார்? அவரோடு நான் பேச முடியுமா?" என்பதுதான். இரண்டு மூன்று படி பின்னால் போனாலே பல சேதிகள் கரைந்துவிடும். உண்மையான சேதி என்றால் பின்னால் போகப் போக விவரம் கூடும்.

நாலு குரூப்பில் நாலு பேர் சொல்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையுமா?

புகையும். எப்படிப் புகைந்தது என்று போலீசே தேடிப்போய்க் கண்டுபிடித்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 1973 டிசம்பர், ஜப்பானின் ஐச்சி மாகாணம். எண்ணெய் நெருக்கடிக் காலம், கழிவறைக் காகிதத்துக்குக்கூட ஜனங்கள் வரிசையில் நின்ற நேரம். ரயிலில் மூன்று பள்ளி மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கு டொயோகாவா ஷின்கின் என்ற உள்ளூர்க் கூட்டுறவு வங்கியில் வேலை கிடைத்திருந்தது. "ஐயோ, அங்கே ஆபத்தாச்சே" என்று தோழிகள் சீண்டினார்கள். வங்கி என்றால் கொள்ளைக்காரன் வருவான் என்ற அர்த்தத்தில் சொன்னது. அவள் வீட்டுக்குப் போய், "அந்த வங்கி ஆபத்தா?" என்று உறவுக்காரரிடம் கேட்டாள். அவர் வங்கிக்குப் பக்கத்தில் இருந்த இன்னோர் உறவுக்காரரிடம் விசாரித்தார். அங்கிருந்து அழகு நிலையம், அங்கிருந்து இன்னும் சில பேர், கடைசியில் ஒரு துணி வெளுக்கும் கடை. சில நாளில் "ஆபத்தா?" என்ற கேள்வி "ஆபத்தாம்" என்று ஆகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தக் கடைக்குத் தொலைபேசி பேச வந்த ஒருவர், தன் தொழில் செலவுக்காக, "டொயோகாவா வங்கியிலிருந்து 12 லட்சம் யென் எடுத்துவிடு" என்று யாருக்கோ சொன்னார். வதந்தி எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவுக்கு அது பெரிய சாட்சியாகிவிட்டது. தன் பணத்தை எடுத்தார், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஜனம் வங்கி வாசலில் குவிந்தது. நூறு கோடி யென்னுக்கும் மேல் வெளியே போனது. வங்கிக்கு ஒரு குறையும் இல்லை. யாரும் குற்ற நோக்கத்தோடு செய்யவில்லை என்றுதான் போலீஸ் விசாரணை முடிந்தது.

எனவே நாலு பேர் சொல்கிறார்கள் என்றால், நாலு பேரும் தனித்தனியாகப் பார்த்தார்களா, ஒரே வாயிலிருந்து வந்ததையே நாலு பேரும் சொல்கிறார்களா என்று பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால், எழுத்துப் பிழைகூட ஒரே இடத்தில் இருந்தால், அது ஒரே சேதி. தனித்தனியாகப் பார்த்தவர்கள் சொன்னால் கொஞ்சம் முன்னுக்குப் பின் முரணாக இருக்கும். ஒருவர் வெள்ளை வேன் என்பார், இன்னொருவர் சாம்பல் நிறம் என்பார். அந்த முரண்தான் எனக்கு நம்பிக்கை தரும்.

வீடியோவே இருக்கிறதே?

2018-இல் இந்தியா முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பைக்கில் வந்த இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் வயிற்றைப் பிசையும். அது பாகிஸ்தானில் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். மூலப் படத்தில் அந்த பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கிவிடும், ஓட்டியவர்கள் ஓர் எச்சரிக்கை அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

வீடியோவில் நடப்பது நிஜமாகவே நடந்ததாக இருந்தாலும், எந்த ஊர், எந்த வருஷம், முன்னும் பின்னும் என்ன என்பதை அது தானாகச் சொல்லாது. மேலே எழுதியிருக்கும் வரிதான் சொல்லும். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கடைப் பலகை என்ன மொழி, வண்டி எண் எந்த மாநிலம், ஆட்கள் பேசுவது என்ன என்று சத்தத்தை வைத்து இரண்டு தடவை பாருங்கள். ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுளில் படமாகத் தேடினால் பழைய படம் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். வாய்ஸ் நோட்டுக்கு இந்த வசதியும் கிடையாது. அதனால்தான் அழுகிற குரலில் வரும் வாய்ஸ் நோட்டுக்கு நான் இன்னும் கூடுதலாக யோசிக்கிறேன்.

குழந்தை விஷயம். பொய்யாகவே இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன நஷ்டம்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது, நல்ல மனசோடு கேட்கும் கேள்வியும்கூட. நஷ்டம் என்ன என்பதைத் தமிழ்நாடு 2018 மே மாதம் பார்த்தது.

அந்த ஏப்ரல், மே மாதங்களில் வட மாவட்டங்களில் "வடநாட்டுக் கும்பல் குழந்தை பிடிக்க இறங்கியிருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனது. வழியில் வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் செய்வதுதான். பிள்ளை பிடிப்பவர்கள் என்று சொல்லி, அத்திமூரில் கூட்டம் அவர்களைப் பிடித்து அடித்தது. 65 வயதான அம்மா அங்கேயே உயிர்விட்டார். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதே மாதம் பழவேற்காட்டில் வீடு வாசல் இல்லாமல் திரிந்த ஒருவரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூலை 1-இல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ரெயின்பாடா கிராமத்தில், ஊர் ஊராகப் போய் யாசகம் கேட்டுப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தவர் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே எச்சரிக்கைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். என்னை ஏதோ செய்துகொள்ளச் சொல்லும் எச்சரிக்கை ஒரு வகை. குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போ, இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அந்த லிங்க்கைத் தொடாதே. பொய்யானாலும் எனக்குக் கொஞ்சம் சிரமம்தான், வேறு யாருக்கும் கெடுதல் இல்லை. அரைகுறை ஆதாரம் இருந்தாலே கேட்டு நடந்துவிடுவேன். இன்னொரு வகை, ஓர் ஆளையோ கூட்டத்தையோ கைகாட்டும் எச்சரிக்கை. இவன் திருடன், அந்த ஊர்க்காரர்கள் ஆபத்து, அந்தக் கடையில் விஷம். பொய்யானால் விலை கொடுப்பது நான் இல்லை, அவர். அதற்கு ஆதாரம் பல மடங்கு கேட்பேன், குரூப்பில் போடவும் மாட்டேன். நிஜமாகச் சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ அவசர உதவி எண் 112-க்கோ கூப்பிட்டுச் சொல்லுங்கள். குரூப்பில் போட்டால் அது தெருமுனையில் நிற்கும் பையன்களுக்குத்தான் போய்ச் சேரும்.

முத்திரை, பதவி, பெயர் எல்லாம் போட்டு வந்தால் நம்பலாமா?

பெயர் இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. 2004 டிசம்பர் 30, சுனாமி வந்து நாலாம் நாள். மறுபடியும் சுனாமி வரலாம் என்று மத்திய அரசே எச்சரித்தது. நாகப்பட்டினத்திலும் மற்றக் கடலோர ஊர்களிலும் மிச்சமிருந்த ஜனங்கள் ஓடினார்கள். மீட்பு வேலை அப்படியே நின்றது. ஒன்றும் வரவில்லை, அன்றைக்கே எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு வெளிநாட்டுத் தனியார் நிறுவனத்தின் கணிப்பை நம்பிச் சொன்னதாம். அந்த அனுபவங்களுக்குப் பிறகு 2007-இல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இன்று கடல் விஷயத்தில் அவர்கள் வாய்தான் முதல் வாய்.

லெட்டர்பேடில் வருவதையும், கலெக்டர் கையெழுத்தோடு வருவதையும் அந்த அலுவலகத்தின் சொந்தப் பக்கத்திலோ மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-இலோ கேட்டுவிடுங்கள். மழை விடுமுறை அறிவிப்பிலிருந்து எல்லாமே போலியாக வந்திருக்கிறது.

சொன்னதில் ஒரு விவரம் தப்பு என்று தெரிந்துவிட்டது. மொத்தமும் பொய்தானே?

அவசரப்படாதீர்கள். 2019 டிசம்பர் 30 அன்று வூஹான் மத்திய மருத்துவமனையின் கண் மருத்துவர் லீ வென்லியாங், தன்னோடு மருத்துவம் படித்தவர்களின் குரூப்பில் ஒரு சேதி போட்டார். ஹுவானான் கடலுணவுச் சந்தையோடு தொடர்புள்ள 7 பேருக்கு சார்ஸ் உறுதியாகியிருக்கிறது, எங்கள் ஆஸ்பத்திரியில் தனிமைப்படுத்தியிருக்கிறார்கள் என்று. கொஞ்ச நேரத்தில் அவரே, கொரோனா வைரஸ் என்பது உறுதி, எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திருத்தினார். வீட்டாரை மட்டும் எச்சரிக்கச் சொன்னார், வெளியே பரப்ப வேண்டாம் என்றார். ஸ்கிரீன்ஷாட் வெளியே போனது. 2020 ஜனவரி 3-இல் போலீஸ் அவரை வரவழைத்து, உண்மைக்கு மாறானதைச் சொன்னதாகக் கண்டிக்கும் தாளில் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7-இல் அதே நோய்க்கு அவர் பலியானார்.

நோயின் பெயர் தப்பு, சார்ஸ் இல்லை, கோவிட். ஆனால் எத்தனை பேர், எந்தச் சந்தை, எந்த ஆஸ்பத்திரி என்று சரிபார்க்க வழி இருந்தது. தப்பைத் தானே திருத்தினார். யாரையும் கைகாட்டவில்லை. இப்படி வரும் எச்சரிக்கையை ஒரு வார்த்தைப் பிழைக்காகத் தூக்கிப் போடுகிற ஊர்தான் பிறகு வருத்தப்படும்.

உண்மை என்றால் பெயர் சொல்லவேண்டியதுதானே? எதற்கு ஒளியவேண்டும்?

இதைக் கேட்பவர்களிடம் சத்யேந்திர துபேயைப் பற்றிச் சொல்வேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர். நாலு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டுக்கொண்டார். பெயரோடு அந்தக் கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்தது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. தகவல் சொல்பவர்களைக் காக்கும் சட்டம் 2014-இல் நிறைவேறியும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

நம் தெரு அளவிலும் இதுதான் நிலைமை. கம்பெனியில் வேலை பார்க்கிறவர், வாடகைக்கு இருப்பவர், கடன் வாங்கியிருப்பவர் எல்லாம் பெயர் போட்டு எழுத முடியாது. ஒளிந்து எழுதுகிறார் என்பதைப் பொய்க்கு அடையாளமாக எடுக்காதீர்கள். பெயரைச் சொல்வதால் அவருக்கு நஷ்டம் உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் அந்த மௌனத்துக்கு நியாயம் இருக்கிறது.

ஒரு பெண் தனியாக அனுப்பியிருக்கிறார்: "அந்த டியூஷன் மாஸ்டர் சரியில்லை. என் பெயர் வேண்டாம்." என்ன செய்வது?

மேலே சொன்ன இரண்டும் மோதும் இடம் இது. ஆளைக் கைகாட்டும் எச்சரிக்கை, அதனால் குரூப்பில் போடக்கூடாது. சொல்பவருக்குப் பெயர் சொல்ல முடியாத நிலைமை, அதனால் தள்ளவும் கூடாது.

எனக்கு ஒரு தடவை இப்படி வந்தது. முதலில், "சொன்னதற்கு நன்றி, உன் பெயர் என் வாயிலிருந்து வராது" என்று பதில் போட்டேன். பிறகு, அவளே பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா என்று மட்டும் கேட்டேன். தோண்டித் துருவவில்லை. பாதிக்கப்பட்டது 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் நமக்குள் தீர்ப்பு சொல்ல வேலையே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 1098-க்குக் கூப்பிட்டாலும் நடவடிக்கை தொடங்கும். குழந்தை யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடுவது குற்றம். "அந்த மஞ்சள் வீட்டுப் பொண்ணு" என்பதுகூட அடையாளம்தான். பாதிக்கப்பட்டது வயதுவந்த பெண் என்றால் 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது.

இடைப்பட்ட நாளில் நம் பிள்ளையை அந்த டியூஷனுக்கு அனுப்பாமல் இருக்க ஆதாரம் எதுவும் வேண்டியதில்லை. அது நம்மை நாமே காத்துக்கொள்வது. அடுத்த வீட்டு அம்மா கேட்டால், "நான் நிறுத்திட்டேன், நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பிள்ளைகிட்ட பேசுங்க" என்று சொல்லலாம். மாஸ்டர் பெயர் போட்டு ஸ்கிரீன்ஷாட் விடுவது, சொன்ன பெண்ணையே காட்டிக்கொடுத்துவிடவும் கூடும்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி வருகிறதே, அது என்ன?

சேதி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். 2018 சாவுகளுக்குப் பிறகுதான் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரு நேரத்தில் ஐந்து இடத்துக்கு என்று குறைத்தார்கள். 2020 ஏப்ரல் முதல் இரட்டை அம்பு போட்டதை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்ப முடியும். எழுத்தைக் காப்பி எடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்பு மறைந்துவிடும். ஆகவே அம்பு இருந்தால் சந்தேகப்படுங்கள், இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

வங்கி மூடப்போகிறது, பணத்தை எடு என்று வந்தால்?

வங்கி முறிந்தாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது, 2020 பிப்ரவரியிலிருந்து. முதலில் ரிசர்வ் வங்கி அறிவிப்பைப் பாருங்கள். மொபைலில் பணம் பறிபோய்விட்டது என்றால் அந்த நிமிஷமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தப்பான சேதியைப் பரப்பினால் கேஸ் வருமா? அட்மின் மாட்டுவாரா?

அச்சத்தையோ பகையையோ கிளப்பும் வதந்தியைப் பரப்பினால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கு விலக்கும் அதிலேயே இருக்கிறது. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்பதாலேயே பொறுப்பாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கின்றன. ஆனால் நானே போட்ட சேதிக்கு நான்தான் பொறுப்பு.

நான் பகிர்ந்தது பொய் என்று தெரிந்துவிட்டது. அழித்துவிட்டால் போதுமா?

போதாது. படித்தவர்கள் மனசிலிருந்து அது அழியாது. எங்கே போட்டீர்களோ அதே இடத்தில், அதே அளவுக்குத் திருத்தம் போடுங்கள். பழைய படத்தை மறுபடி ஒட்டாதீர்கள், படம்தான் நினைவில் நிற்கும். போர்வைக்காரர் விஷயத்தில் நான் எழுதியது இது:

"நேற்று போர்வை விற்பவரைப் பற்றி நான் போட்ட சேதி பொய். விசாரிக்காமல் போட்டது என் தப்பு. அவர் நோட்டம் விட வரவில்லை, மூன்றாம் குறுக்குத் தெருவில் ஓர் அம்மா கூப்பிட்டதால் போனார். அந்தப் படம் யாரிடமாவது இருந்தால் அழித்துவிடுங்கள். வேறு யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள். நனைந்து வீணான போர்வைகளின் விலையை நாளை நான் கொடுக்கப் போகிறேன்."

முதலில் வந்த பதில் வாத்தியார் சாருடையது: "பாதி என்னுடையதும்மா." பணத்தைக் கொடுக்க அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். போர்வைக்காரர் வாங்க மறுத்தார். விலைக்கு ஈடாக இரண்டு போர்வை எடுத்துக்கொண்டால்தான் வாங்குவேன் என்றார். எடுத்துக்கொண்டோம்.